பன்னிரண்டாம் அறைச் சத்தம்

மார்ச் 3

பக்கத்து அறையை இன்று காலி செய்தார்கள். வரதராஜுலுவின் தங்கை மகன் காரில் வந்திருந்தார். இரண்டு பெட்டிகள், ஒரு ரேடியோ, சுவரில் மாட்டியிருந்த காங்கேயம் காளைப் படம். கால்நடை மருத்துவராக இருந்த மனிதர். மனிதர்களைப் பற்றிப் பேசியதைவிட மாடுகளைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். படத்தை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா என்று அந்தத் தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் இறந்த காலையில் நான் குழாயைத் திறந்துவிட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பன்னிரண்டாம் அறையில் பொத்தென்று ஒரு சத்தம். பின்னாலேயே எவர்சில்வர் சொம்பு உருண்டது. வாளியைத் தவறவிட்டிருப்பார் என்று நினைத்தேன். டிபன் கொண்டுபோன பெண் அலறிய பிறகுதான் எல்லோரும் ஓடினோம். மேனேஜர் லோகநாதன் எங்களை உள்ளே விடவில்லை.

"தூக்கத்துலயே போய்ட்டாருங்க. கொடுத்து வெச்ச மனுசன்," என்றார்.

இருக்கலாம்.

சுலோச்சனாவுக்கு இரவு இட்லி. ஒன்றரை சாப்பிட்டாள்.

மார்ச் 9

இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து இன்றோடு ஒரு வருடம். கோயம்புத்தூரின் பாதிப் பேர் வீட்டை விற்றுவிட்டு இந்த மாதிரி இடங்களுக்குத்தான் வருகிறார்கள் போலிருக்கிறது. எனக்குக் குறையில்லை. பம்புசெட் கம்பெனியில் முப்பது வருடம் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு எந்த அறையும் அறைதான். தினமும் எழுதும் பழக்கமும் அங்கே வந்ததுதான். டூர் டைரி எழுதாவிட்டால் பேட்டா கிடைக்காது.

சுலோச்சனாவுக்கு நடுக்குவாதம். கையும் தலையும் ஆடிக்கொண்டே இருக்கும். குரலும் அடங்கிவிட்டது. உதட்டருகே காதை வைத்தால் ஏதோ கேட்கும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு லாரி போய்விடும். ஆகையால் அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன். ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா அவள் என்ன சொல்வாள் என்று?

காலையில் கட்டிலிலிருந்து எழும்போது சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை. உட்கார்ந்தாள். நானே தூக்கி உட்கார வைத்தேன். ஆளைக் கூப்பிடும் மணியை அடிக்கவில்லை.

இங்கே ஒரு விதி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து ஒவ்வொருவரையும் மதிப்பீடு செய்வார். அதில் இரண்டு தடவை விழுந்ததாகப் பதிவானால் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுவார்கள். கீழே பெண்களுக்குத் தனி வார்டு, ஆண்களுக்குத் தனி வார்டு. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. மாடியில் இருக்கும் நாங்கள் யாரும் 'வார்டு' என்று சொல்வதில்லை. 'கீழே' என்றுதான் சொல்வோம். "பதினாலாம் ரூம் அம்மா கீழ போய்ட்டாங்க" என்று யாராவது சொன்னால், சாப்பாட்டுக் கூடத்தில் கொஞ்ச நேரம் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

மார்ச் 10

கீரை. மோர். மகள் மஞ்சுளா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். இருவரும் சௌக்கியம் என்று சொன்னேன்.

மார்ச் 17

இன்று ஒன்று நடந்தது.

மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்கும் நேரம். வெயில் சுலோச்சனாவின் முகத்தில் அடித்தது. திரையை இழுத்துவிடலாம் என்று நாற்காலியிலிருந்து எழுந்தேன். அப்போது பன்னிரண்டாம் அறையில் சத்தம் கேட்டது. பொத்தென்று, அன்று கேட்ட மாதிரியே.

கண்ணாடி எங்கேயோ விழுந்திருந்தது. தரையில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் சுலோச்சனா என்னையே வெறித்துக்கொண்டிருக்கிறாள். வாய் திறந்து திறந்து மூடுகிறது.

"பக்கத்து ரூம்ல சத்தம் கேட்டுதா?" என்றேன்.

தலையை ஆட்டினாள். அது எப்போதும் ஆடும் தலை. ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று தெரியவில்லை.

வராந்தாவில் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் சுருட்டிய மெத்தையும் வெறும் கட்டிலும்தான். படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

மார்ச் 24

புது நர்ஸ் பியூலா மதிப்பீட்டுக்கு வந்தது. சாத்தான்குளம் பக்கம். முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சில் அந்த ஊர் ராகம் அப்படியே இருக்கிறது.

பசி, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் கேட்டுவிட்டு, "மூணு மாசத்துல அம்மா எங்கயாச்சும் விழுந்தாங்களாய்யா?" என்றது.

"இல்லம்மா."

"கட்டில்ல இருந்து சறுக்குறது, பாத்ரூம்ல முட்டி மடங்கி உக்காருறது, அதுவும் விழுந்ததுதான். அடிபட்டாத்தான் கணக்குன்னு இல்ல."

"அப்படியும் இல்ல."

"நீங்க?"

"என்னைப் பாத்தா விழுற ஆள் மாதிரியா தெரியுது?"

பியூலா சிரித்தது. பிறகு சுலோச்சனா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா," என்றது. சுலோச்சனாவின் உதடு அசைய ஆரம்பித்தது.

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. என்னைத் தாண்டி எங்க விழப்போறா," என்றேன்.

"அம்மா சொல்லட்டுமேய்யா."

அதற்குள் கீழேயிருந்து லோகநாதன் கூப்பிட்டார். பியூலா 'இல்லை' என்பதில் இரண்டு டிக் போட்டுக்கொண்டு இறங்கிப் போனது. சுலோச்சனா சாயங்காலம் வரை என் பக்கம் திரும்பவில்லை. ஏன் கோபம் என்று கேட்டேன். பதில் வருவதற்குள் டீ வந்துவிட்டது.

ஏப்ரல் 6

மறுபடியும். இந்த முறை காலை பத்து மணி வாக்கில். பேப்பர் படித்துவிட்டு எழுந்தேன். பன்னிரண்டில் பொத்தென்று சத்தம். டீ டம்ளர் கைதவறி சட்டையெல்லாம் டீ. இடது தோளில் நல்ல வலி. இரவு ஒருக்களித்துப் படுத்ததாக இருக்கும்.

எனக்கு இந்தப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சுடுகாட்டை ஒட்டிய லாட்ஜுகளில் எல்லாம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு சத்தத்தை ஒருவன் இரண்டு தடவை கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

சுலோச்சனா அழுதுகொண்டிருந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள் என்று அதிலிருந்து தெரிகிறது.

ஏப்ரல் 8

லோகநாதனிடம் போய் அந்த அறையைத் திறந்து காட்டச் சொன்னேன்.

"எதுக்குங்க?"

"சத்தம் கேக்குது. வரதராஜுலு விழுந்தப்ப கேட்ட மாதிரியே."

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "யாருங்க விழுந்தது? அவரு கட்டில்ல படுத்தாப்பிலதான இருந்தாரு. டாக்டரும் அப்படித்தானுங்க எழுதியிருக்காரு."

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே."

"ஐயா, நீங்களும் அம்மாவும் ஒரே ரூம்ல நிம்மதியா இருக்கறீங்க. அப்படியே இருங்க. அந்த ரூமைப் பத்தி யார்கிட்டயும் பேச வேண்டாமுங்க. என்னங்க?"

குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. படியேறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.

ஏப்ரல் 20

வெயில். மாம்பழம். சுலோச்சனா மூன்று துண்டு சாப்பிட்டாள்.

மே 2

குளியலறை வாசலில் சுலோச்சனா உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை தூக்க முடியவில்லை. துண்டை இடுப்பில் சுற்றி இழுத்து, நாற்காலியைப் பிடிக்கச் சொல்லி, எப்படியோ ஏற்றிவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு. முழுக்கை ரவிக்கை போட்டுவிட்டேன். மணிக் கயிறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

"கீழ போகணுமா உனக்கு?" என்றேன். "நீ ஒரு மூலை, நான் ஒரு மூலைன்னு கிடக்கணுமா?"

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல ஆரம்பித்தாள். "ஏனுங்க... நீங்க..." அவ்வளவுதான் புரிந்தது. சாயங்காலம் நிதானமாகச் சொல் என்றேன். சாயங்காலம் நான் கேட்கவில்லை.

மே 19

சத்தம். மதியம்.

மே 20

பன்னிரண்டாம் அறையில் இருப்பவர் எதையோ என்னிடம் எதிர்பார்க்கிறார் என்று தோன்றுகிறது. எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே அசட்டுத்தனமாக இருக்கிறது. ஆனாலும் பகலில் நாற்காலியை விட்டு எழவே பயமாக இருக்கிறது. நான் எழும்போதுதான் அவர் விழுகிறார். உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் இல்லை. என்னைக் கவனித்துக்கொண்டே இருந்து, நான் எழுந்ததும் விழுகிறார்.

இன்று சுவரில் காதை வைத்துக் கேட்டேன். "என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று மெதுவாகக் கேட்டும் பார்த்தேன். திரும்பினால் சுலோச்சனா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11

மறுபடி கேட்டது. கண்ணாடியின் ஒரு காது வளைந்துவிட்டது. நெற்றியில் லேசாக வீக்கம். கதவு இடித்திருக்கும்.

மாத்திரை கொடுக்க வந்த பியூலா பார்த்துவிட்டது. "என்னய்யா இது?"

"கதவு."

"எந்தக் கதவு?"

எந்தக் கதவு என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. "எல்லாக் கதவும்தான்," என்று சிரித்து மழுப்பினேன். பியூலா சிரிக்கவில்லை.

ஜூன் 25

இரவாகிவிட்டது. இப்போதுதான் எழுத உட்கார்கிறேன்.

காலையில் பியூலா மதிப்பீட்டுக்கு வந்தது. நாற்காலியைச் சுலோச்சனாவின் கட்டிலருகே இழுத்துப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது.

"ஐயா, இன்னைக்கு அம்மாகிட்டதான் கேக்குதேன். அம்மா முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக்கூடாது."

"அவ பேசி முடிக்கிறதுக்குள்ள மதியச் சாப்பாடு வந்துடும்."

"வரட்டும்."

பிறகு சுலோச்சனாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டது. "அம்மா, மூணு மாசத்துல விழுந்தீங்களா?"

காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் ஒருவர் ஒரு பதிலுக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. பம்பு விற்கிறவன் அவ்வளவு நேரம் சும்மா நின்றால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். பியூலா திரும்பாமலேயே கையை உயர்த்தி என்னை அடக்கியது.

"ஒருக்கா," என்றாள் சுலோச்சனா. "பாத்ரூம் வாசல்ல. முன்னாடி... கட்டில்கிட்ட... ஒருக்கா. அத அவரு சொல்லல."

"சுலோ!"

"ஐயா, இருங்க."

"அவரு," என்றாள் சுலோச்சனா. "அவரு நாலு."

யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"பேசிட்டே எந்திரிப்பாரு. கண்ணு... மேல சொருகிக்கும். அப்படியே... மரம் சாயற மாதிரி. நான் கத்துவன். சத்தம் வராது. மணி... எட்டாது எனக்கு." மூச்சு வாங்கினாள். பியூலா அவசரப்படுத்தவில்லை. "கொஞ்ச நேரத்துல எந்திரிப்பாரு. எந்திரிச்சு... பக்கத்து ரூம்ல சத்தம் கேட்டுதாங்கறாரு."

நான் பொய் என்று கத்தினேன். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது, மாத்திரை அப்படிச் செய்கிறது என்றேன். எழுந்திருக்கப் போனேன். பியூலா பாய்ந்து வந்து என் இரண்டு தோளையும் அழுத்தி உட்கார வைத்தது. இடது தோளில் அந்த வலி. நாடியைப் பிடித்துப் பார்த்தது. வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தது. அதன் முகத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு லோகநாதன் மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "சிஸ்டர், ஐயாவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சுக்கலாம். பேப்பர்ல இதெல்லாம் எதுக்கு? ஒரே ரூம்ல ஆறு தடவைன்னு எழுதினா நம்ம என்ன பண்ணிட்டிருந்தோம்னு கேப்பாங்க," என்றார். பிறகு சுலோச்சனாவிடம் குனிந்து, "அம்மா, உங்களுக்கு ரெண்டுன்னு எழுதினா நீங்க கீழ போகணுமுங்க. தெரியுமில்லீங்க?" என்றார்.

சுலோச்சனா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள். "எழுதும்மா."

ஜூன் 27

ஆஸ்பத்திரி. நெஞ்சில் ஒயர்கள். எழுந்து நிற்கும்போது என் இதயம் சில விநாடி நின்றுவிட்டு ஓடுகிறதாம். டாக்டர் அந்தத் தாளைக் காட்டினார். மேடும் பள்ளமுமாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் நேராகக் கிடந்தது.

ஜூன் 30

பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. மஞ்சுளா வந்திருக்கிறாள். "நீங்க எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா," என்றாள். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது என்றேன். "அம்மாவ எங்கிட்டப் பேச விட்டிருக்கலாமே," என்றாள்.

ஜூலை 9

திரும்பி வந்தேன். சுலோச்சனா கீழே போய்விட்டாள். அறையில் ஒரு கட்டில்தான் இருக்கிறது. பன்னிரண்டில் சத்தம் ஏதும் இல்லை. நாள் முழுக்க எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தேன்.

ஜூலை 14

ஐந்து நாளாக ஒரே யோசனை. மார்ச்சில் ஆரம்பித்த சத்தமெல்லாம் நானே என்றால், அந்த முதல் நாள்? வரதராஜுலு இறந்த காலையில் கேட்டதும் நான்தானோ? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மிகவும் விரும்பினேன். அவர் தூக்கத்தில் போயிருப்பார். விழுந்தது நானாக இருக்கும்.

மதியம் கீழே போய்ச் சுலோச்சனாவிடம் கேட்டேன். கேட்டுவிட்டு, பியூலா செய்த மாதிரி அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அது அவருதானுங்க," என்றாள். "நீங்க நின்னுட்டுத்தான் இருந்தீங்க. கண்ணாடி முன்னால. மொகமெல்லாம் சோப்பு. சத்தம் கேட்டு... சுவத்தப் பாத்தீங்க. நான் கைய நீட்டி... போங்க, போயிப் பாருங்கன்னு... சொன்னன்."

"அப்புறம்?"

"மறு கன்னத்தச் செரச்சீங்க."

ஜூலை 15

பியூலாவிடம் சொன்னேன். நேரம், சத்தம், சொம்பு உருண்டது, நான் போகாதது, எல்லாம். பியூலா மறுகேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

"அவரு உடனே செத்திருக்க மாட்டாரு, இல்லையா?" என்று கேட்டேன்.

"தெரியலய்யா," என்றது. பொய்யாகவாவது வேறு ஏதாவது சொல்லும் என்று எதிர்பார்த்தேன்.

ஜூலை 29

இல்லத்தை நடத்தும் டிரஸ்டிலிருந்து இரண்டு பேர் வந்து மாலைவரை விசாரித்தார்கள். வரதராஜுலுவின் தங்கை மகனும் வந்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "மாமாவுக்கு வலிச்சிருக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் லோகநாதன், கட்டிலில் தூக்கிப் படுக்க வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டாராம். பேர் கெட்டுவிடும் என்று பயந்துதான் செய்தேன் என்றாராம். சாயங்காலம் அவர் தன் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை மாடியிலிருந்து பார்த்தேன். அவரை வெறுக்க முடியவில்லை. நானும் அவரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 18

கீழே ஆண்கள் வார்டில் ஒரு கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாடியில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பெண்கள் வார்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு நடைதான். காலையும் மாலையும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். கம்பித் தடுப்பு இரண்டு நாளில் பழகிவிட்டது. இரவில் மட்டும், கண்ணை மூடினால் யாரோ தரையில் கிடந்துகொண்டு ஒரு சுவரைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. அது போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 4

இன்று மாலை சுலோச்சனா விழுந்தாள்.

நான் பக்கத்தில் நாற்காலியில்தான் இருந்தேன். தண்ணீர் டம்ளருக்குக் கையை நீட்டியவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்தாள். தூக்கப் போகவில்லை. மணியை அடித்தேன். பிறகு நானும் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பியூலா ஓடிவந்து கை, கால், இடுப்பு எல்லாம் அழுத்திப் பார்த்தது. எலும்பு முறிவு இல்லை. நேரம், இடம், கையில் என்ன இருந்தது, காலில் செருப்பு இருந்ததா, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. கடைசியில், "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டது.

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். வெளியே யாரோ செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பயமா இருந்துச்சு," என்றாள். "எப்பவும்... பயமாத்தான் இருக்கும்."

என்னிடம் இதை எத்தனை தடவை சொல்ல வந்திருப்பாள் என்று தெரியவில்லை. பியூலாவின் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. ஓரத்தில் சிறிதாக எழுதிக்கொண்டது. விளக்கு போடும்வரை நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். ஒன்றும் பேசவில்லை.